அரைத் தலைக்கட்டு

1

சித்திரை மாதத்து ஞாயிறு ஒன்றில் என் அம்மா என் போனைப் பாதியில் வைத்துவிட்டாள்.

நான் ஜெர்மனிக்கு வந்து பதினைந்து வருடம் ஆகப்போகிறது. இத்தனை வருடத்தில் ஞாயிற்றுக்கிழமை போனை முதலில் வைக்கிறவள் நான்தான். குக்கர் சத்தம் போடுகிறது, கதவை யாரோ தட்டுகிறார்கள், பையனுக்குப் பாட்டு வகுப்பு என்று எதையாவது சொல்லி வைப்பேன். நான் வைக்கும்வரை அம்மா அந்தப் பக்கம் "சரி ஆத்தா, சரி ஆத்தா" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். அன்றைக்குச் சித்திரையிலும் இங்கே பனி கொட்டுகிற அநியாயத்தை நான் விவரித்துக்கொண்டிருந்தேன். கதை பாதியில் நிற்கும்போதே அம்மா குறுக்கே வந்தாள்.

"வைக்கிறேன் ஆத்தா. டேங்க் நெட்டு தெறந்துரும்."

வைத்தேவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எழுபது வயது மனுஷி, பெற்ற மகளை விட்டுவிட்டு ஏதோ ஒரு நெட்டுக்கு ஓடுகிறாளே!

எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு என்பது ஒரு பூசை மாதிரி. மந்திரம் மாறாது. சாப்பிட்டியா? சாப்பிட்டேன். குளுரா? குளுருதான். கவின் எங்க? ரூம்ல படிக்கிறான். மாப்ள? குளிக்கிறாரு.

கவின் என் மகன், பதினைந்து வயது. ஒரு வாரம் என்னோடு இருப்பான், மறு வாரம் அவன் அப்பாவோடு இருப்பான். அவன் அப்பா ஆற்றுக்கு அந்தப் பக்கம் வீடு எடுத்துப் போய் இரண்டு வருடம் ஆகிறது. சண்டை இல்லை, அடிதடி இல்லை. பேச ஒன்றுமில்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் முதல் ஞாயிறு "குளிக்கிறாரு" என்றேன். அன்றிலிருந்து குளித்துக்கொண்டிருக்கிறார். இந்த உலகத்திலேயே அவ்வளவு குளித்த மனுஷன் இருக்க மாட்டார்.

2

டேங்க் நெட்டு என்றால் என்ன என்று எனக்குச் சொன்னது தனம். தனலட்சுமி. என்னோடு பள்ளிக்கூடம் படித்தவள், உள்ளூரிலேயே கட்டிக்கொண்டவள், இப்போது எங்கள் ஊர் நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறாள். புதுக்கோட்டைப் பக்கம், வல்லத்திராக்கோட்டையிலிருந்து உள்ளே போனால் எங்கள் ஊர். கடலையும் நெல்லும் விளையும், மழை பொய்த்தால் தைலமரம்.

சில வருடத்துக்கு முன்னால் வந்த பெரிய புயலில் செல்போன் டவர் சாய்ந்தபோது ஊரே ஊமையாகிவிட்டதாம். மேலத்தெருவில் யார் வீட்டுக் கூரை போயிற்று என்று கீழத்தெருவுக்குத் தெரிய ஒரு பகல் ஆயிற்றாம். அது ஒரு காரணம். இன்னொரு காரணம் கொஞ்சம் அசிங்கம். போனில் வருகிற கடன் ஆப் ஒன்றில் பணம் வாங்கிய ஒரு பெண்ணின் படத்தைக் கன்னாபின்னாவென்று வெட்டி ஒட்டி, அவள் போனில் இருந்த அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டார்கள். ஊர்க் குரூப்பிலும் வந்தது. யாரோ அதை அடுத்த ஊர்க் குரூப்புக்கும் தள்ளிவிட்டார்கள். அந்தப் பெண் திருப்பூருக்குப் போனவள்தான், கோயில் திருவிழாவுக்குக்கூட வருவதில்லை.

"அவ எங்கிட்ட வந்து, அக்கா, இத அழிக்க முடியுமான்னு கேட்டுச்சுடி. முடியாதுன்னு சொல்ல எனக்கு நாக்கு வரல. அப்பத்தான் நம்மளுக்குன்னு ஒண்ணு வேணும்னு தோணுச்சு" என்றாள் தனம்.

மகளிர் குழுப் பெண்களும், இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த சில பிள்ளைகளும் சேர்ந்து செய்தார்கள். தண்ணீர் டேங்க் உச்சியில் ஒரு ஆன்டெனா, நூலகத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர், அதற்கு ஒரு சோலார் பலகை, சில மாடிகளில் சின்னச் சின்னப் பெட்டிகள். சிம் வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம். ஊருக்குள் நின்றால் போனில் கிடைக்கும். கண்மாய்க் கரையைத் தாண்டினால் கிடைக்காது. அதில் படம் கிடையாது, குரல் மட்டும்தான். ஒருவர் பேசியதை இன்னொருவர் எங்கேயும் தள்ளிவிட முடியாது. எட்டு நாள் இருக்கும், பிறகு தானே அழிந்துவிடும். பகலில் பேசி வைத்ததெல்லாம் சாயங்காலம் ஆறரைக்கு மொத்தமாகத் திறக்கும். கரண்டு எப்போது போகும், ரேஷனில் பாமாயில் வந்ததா, யார் வீட்டில் ஆடு காணோம், யார் வீட்டில் சாவு, கேதம், எல்லாம் அதில்தான்.

கேட்பது யார் வேண்டுமானாலும் கேட்கலாம். பேசுவதற்குத்தான் முறை. அங்கேதான் எங்கள் ஊர் தன் புத்தியைக் காட்டியது.

யார் யாருக்கு எவ்வளவு நேரம் என்று பிரிக்கக் கூட்டம் போட்டார்கள். உட்கார்ந்து யோசித்துவிட்டு, கோயில் வரிக்கு எப்படியோ அப்படியே இதற்கும் என்று முடித்துவிட்டார்கள். ஒரு தலைக்கட்டுக்கு ஒரு நிமிடம். கல்யாணம் ஆகித் தனி அடுப்பு வைத்த ஆண் ஒரு தலைக்கட்டு. புருஷனை இழந்து தனியாக இருக்கிற பெண், கோயிலுக்கு அரை வரி கட்டுகிறவள், அரைத் தலைக்கட்டு. அரை வரிக்கு அரை நிமிடம்! வெளியூருக்குக் கட்டிக்கொடுத்த மகள் எந்தக் கணக்கிலும் கிடையாது. டேங்க் உச்சியில் ஆன்டெனா வைத்த ஊர் ஐயா அது.

அப்பா போனதிலிருந்து என் அம்மா பொன்னம்மாள் அரைத் தலைக்கட்டு. எதிர்வீட்டு ராக்காயி சின்னம்மாவும் அரை. இருவரும் சண்டைக்குப் போகவில்லை. ஒரே போனுக்கு முன்னால் உட்கார்ந்து, இரண்டு அரையையும் ஒட்டிப்போட்டு, ஆள் மாற்றி ஆள் பேசத் தொடங்கிவிட்டார்கள். ராக்காயி சின்னம்மா ஒன்று சொல்ல, அம்மா அதைப் பிடித்துக்கொண்டு இழுக்க, பேச்சு உச்சத்தில் நிற்கும்போது நேரம் முடிந்து பொட்டென்று அறுந்துவிடும். மறுநாள் தொடரும். ஊரே ஆறரைக்குக் காத்திருந்ததாம். பெரிய மனுஷர்கள் கூச்சப்பட்டு, விதவைகளுக்கும் முழு நிமிடம் தருகிறோம் என்று வந்து கேட்டபோது அம்மா சொன்னாளாம்: "வேணாம்ப்பா. முழுசு குடுத்தா ஆளுக்கொரு பக்கம் ஒக்காந்து தனியாப் பேசணும். எங்களுக்கு அரையே போதும்."

தனம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னிடம் "சரி ஆத்தா" தவிர ஒரு வார்த்தை பேசாத என் அம்மாவா இது? ஊரே கேட்கிற பேச்சு, பெற்ற மகளுக்குக் கிடையாதா?

3

இங்கே எனக்கு நெட்டுக்குக் குறைவில்லை. சுவரைத் துளைத்து வயர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். நான் செருப்பு வாங்க நினைத்தால் போதும், போன் முழுக்கச் செருப்பு நிற்கிறது. என் செருப்பு அளவு தெரிந்த அந்த நெட்டுக்கு, மூன்று நாள் காய்ச்சலில் நான் கஞ்சி வைக்க ஆளில்லாமல் கிடந்தது தெரியாது. மாடிப்படியில் எதிர்ப்படுகிற அண்டைவீட்டு அம்மாள் "ஹலோ" சொல்லுவார். நானும் சொல்லுவேன். பதினைந்து வருடத்துப் பழக்கம் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடும்.

வேலை, கண்ணாடி வில்லைகள் செய்கிற ஆலையில். காமிராவுக்கும் நுண்ணோக்கிக்கும் போகிற வில்லைகளில் கீறல் இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுவது. பகல் முழுக்க யாரோடும் பேச வேண்டாம். பேசினால் மூச்சுப்பட்டு வில்லை மங்கிவிடும் என்று வாயைக் கட்டியிருப்பார்கள்.

வைகாசியில் விசா அட்டையைப் புதுப்பிக்க அலுவலகம் போனேன். எண் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து, எண் கூப்பிடும்போது ஓடி, கதவு தப்பி, மறுபடி உட்கார்ந்து, ஒருவழியாக ஒரு அதிகாரி அம்மாவுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தேன். கணவர் எங்கே என்று கேட்டார். பிரிந்து வாழ்கிறோம் என்று ஜெர்மனில் சொல்லப் போய், பதற்றத்தில் வேறு ஏதோ சொல் வாயில் வந்துவிட்டது. அந்த அம்மாள் முகம் வாடிப்போய்க் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் நகர்த்தி, "மிகவும் வருந்துகிறேன்" என்றார். ஆளைக் கொன்றேபோட்டேன்! ஐயோ, அவர் உயிரோடுதான் இருக்கிறார், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார் என்று கையைக் காலை ஆட்டி விளக்கி முடிப்பதற்குள் வேர்த்துவிட்டது. அடுத்த கேள்வி, உங்கள் வீட்டில் எத்தனை பேர்? கவினை ஒரு வாரம் உண்டு, ஒரு வாரம் இல்லை என்று எப்படி எழுதுவது? "ஒன்றரை" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அப்படி எழுதக் கட்டம் இல்லை என்றார்.

வீட்டுக்கு வந்து கவினிடம் டேங்க் நெட்டைப் பற்றிச் சொன்னேன். அவனோடு பேச எனக்கு வேறு விஷயம் கிடைப்பதில்லை. நான் தமிழில் கேட்பேன், அவன் ஜெர்மனில் பதில் சொல்லுவான். அன்றைக்கு ஆச்சரியமாக, காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தான்.

"இங்கேயும் அப்படி இருக்கிறதே, அம்மா. யாருக்கும் பணம் கட்டாமல், தெருக்காரர்களே கூரைக்குக் கூரை பெட்டி வைத்து நடத்துகிற நெட்டு. நானும் அப்பாவும் அதை நடத்துகிற சங்கத்தில்தான் இருக்கிறோம். போன வாரம் தேவாலயக் கூரையில் ஒன்று மாட்டினோம்."

அவன் கூரை ஏறுவான் என்பதே எனக்குத் தெரியாது. அவன் அப்பாவுக்கு உயரம் என்றால் பயம். அவரா ஏறினார்? எனக்குத் தெரியாத அந்த வாரங்களில் இரண்டு பேரும் கூரை கூரையாக ஏறிக்கொண்டிருக்கிறார்கள். "பாத்து ஏறு" என்றேன். கவின் இன்னொன்றும் சொன்னான். ஊர் நெட்டை வெளியிலிருந்து கேட்க ஒரு வழி வைப்பது ஒரு சாயங்கால வேலை. அவர்கள் வைக்கவில்லை என்றால், வேண்டாம் என்று வைக்காமல் இருக்கிறார்கள்.

4

தனத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு ஒரு வழி வச்சுக் குடுடி. நான் பேசல. கேக்க மட்டும்."

"மலரு, அது கூட்டத்துல முடிவு பண்ணது. வெளிய விடுறது இல்லன்னு."

"நான் என்ன வெளி ஆளா?"

நூலகத்துக்கு ஆள் வந்திருக்கிறது என்று வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எங்கள் ஊர் நூலகத்துக்கு, ஆள்!

அம்மாவிடம் கேட்டேன். உன் போனையும் சின்னம்மா போனையும் பக்கத்தில் வைத்து எனக்கும் கேட்க விடேன் என்று. "அதுல என்ன ஆத்தா கெடக்கு? கருவாட்டு வண்டி வந்துச்சு, பைப்புல தண்ணி வரலன்னு பேசுவோம். ஒனக்கு எதுக்கு அது?" என்றாள். ஆனி மாதக் கடைசியில் படம் தெரிகிற அழைப்பையும் நிறுத்திவிட்டாள். போனில் சார்ஜ் நிற்கவில்லையாம், குரல் மட்டும் போதுமாம்.

எனக்குப் பொறாமை என்றுதான் சொல்ல வேண்டும். மனுஷர் மேல்கூட இல்லை, ஒரு தண்ணீர் டேங்க் மேல் பொறாமை. அம்மா யாரென்று எனக்குத் தெரியாமலே போய்விடுமோ என்று பயமாகவும் இருந்தது. வாரத்துக்கு ஒரு "சாப்பிட்டியா"வை வைத்துக்கொண்டு அவளை எனக்குத் தெரியும் என்று எத்தனை வருடம் நினைத்திருக்கிறேன்? அந்தக் குரலை ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும். ஆடியில் லீவு போட்டுக் கிளம்பிவிட்டேன். கவின் வரவில்லை. அவனுக்கும் அவன் அப்பாவுக்கும் இன்னும் சில கூரைகள் பாக்கி இருந்தன.

5

புதுக்கோட்டையிலிருந்து டவுன் பஸ். டேங்க் பக்கத்து நிறுத்தத்தில் நான் ஒருத்திதான் இறங்கினேன். பெட்டியைக் கீழே வைத்ததும் போனைத்தான் எடுத்தேன். டேங்க் நெட்டு என்று தமிழிலேயே வந்தது. தொட்டதும் திறந்தது. பூட்டு இல்லை, பெயர் கேட்கவில்லை, என் செருப்பு அளவும் கேட்கவில்லை. வரிசையாக வீட்டுப் பெயர்கள் இருந்தன. பொன்னம்மா - ராக்காயி என்று ஒன்றாகவே போட்டிருந்தது.

வேப்பமரத்து நிழலில் பெட்டி மேல் உட்கார்ந்து, நேற்றைய குரலை அமுக்கினேன்.

முதலில் ராக்காயி சின்னம்மா. "எல்லாரும் கேட்டுக்கங்கப்பா, பொன்னம்மாக்கா ஒரு சேதி சொல்லுது."

பிறகு என் அம்மா. ஆனால் நான் கேட்டுப் பழகிய குரல் இல்லை. நல்ல கணீரென்ற குரல், ஊர்க் கூட்டத்தில் நின்று பேசுகிற குரல்.

"எம்மக மலரு நாளைக்கி வாருது. கண்புரை ஆப்பரேசனப் பத்தி யாரும் மூச்சு விட்டுறக் கூடாது. கறுப்புக் கண்ணாடிய அரிசிப் பானைக்குள்ள போட்டுட்டேன். சொட்டு மருந்து ராக்காயி வீட்டுல இருக்கும், நான் அங்கிட்டுப் போயி ஊத்திக்குவேன். மருந்து ஊத்த முறை வச்சு வர்ற புள்ளைக இந்தப் பத்து நாளு இங்கிட்டு வராதீங்க. ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போன தனமும் வாயத் தொறக்கக் கூடாது. புள்ள லீவுல வாருது, சந்தோசமா இருந்துட்டுப் போகட்டும். அதுகிட்ட..."

நேரம் முடிந்து அறுந்துவிட்டது.

எட்டு நாள் அழியாது என்பதை மறந்துவிட்டாள். மறந்தாளா, இல்லை, பேச முறை இல்லாத மகளுக்குக் கேட்கவும் முடியாது என்று நினைத்துக்கொண்டாளா, தெரியவில்லை. நான் உட்கார்ந்த இடத்திலேயே திரும்பத் திரும்பக் கேட்டேன். கண்ணில் கத்தி வைத்திருக்கிறார்கள். ஊரே முறை போட்டு மருந்து ஊற்றியிருக்கிறது. பகல் முழுக்கக் கண்ணாடி வில்லையில் கீறல் பார்க்கிறவள் நான், என் அம்மாவின் கண்ணில் வில்லை வைத்தது எனக்குத் தெரியாது. அந்த ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். யாராவது பார்த்தால் பார்க்கட்டும்.

6

வீட்டில் நாடகம் நடந்தது. அம்மா என்னைப் பார்த்ததும் கன்னத்தைத் தடவி, "இளைச்சுப் போயிட்ட" என்றாள். அவளுக்கு என் முகம் சரியாகத் தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம். வெயிலில் கண் கூசி நீர் வடிந்தது. "வெங்காயம் நறுக்குனேன்" என்றாள். வெங்காயம் ஒன்றையும் காணோம். குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டாள். பார்க்க வந்தவர்கள் எல்லாம் என் அம்மாவின் முகத்தைத் தவிர வேறு எங்கெங்கோ பார்த்துப் பேசினார்கள். நடிக்கத் தெரியாத ஜனங்கள். ராக்காயி சின்னம்மா வாசலில் நின்று "யக்கா, ஒரு வாய் மோரு குடிக்க வாங்க" என்று கூப்பிடுவார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மோர். அவ்வளவு மோர் குடித்த குடும்பமும் எங்கள் குடும்பம்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. நூலகத்துக்குப் போய்த் தனத்திடம் கத்தினேன்.

"ஒரு போன் பண்ணிச் சொன்னா என்னடி? பெத்த மக நான். நெட்டுக்கு வெளிவழி வைக்காததுகூடச் சரி, நீ வாயிலயாவது சொல்லியிருக்கலாம்ல?"

தனம் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "ஒக்காரு. நாங்க வெளிவழி வைக்கத்தான் பாத்தோம். சிங்கப்பூரு, துபாயி, நீ, எல்லாரும் கேக்கட்டும்னு கூட்டத்துல சொன்னேன். வேணாம்னு எந்திரிச்சது யாரு தெரியுமா? வெளிநாட்டுல புள்ளைய வச்சிருக்கவங்க அத்தன பேரும். மொத ஆளா எந்திரிச்சது ஒங்கம்மா."

"எங்கம்மாவா?"

"எம்மக அங்க தனியாக் கெடக்கு. இங்கிட்டு எனக்கு ஒண்ணுன்னு அது காதுல விழுந்தா, யாருகிட்டப் போயி அழும்னு கேட்டுச்சு. அப்படியே முடிவாயிருச்சு."

தனியா. அந்த ஒரு சொல்லில் நான் நின்றுவிட்டேன். "தனியான்னா? அவர் இருக்காருல்ல?"

தனம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மலரு, இதையே நானும் ஒங்கம்மாகிட்டக் கேட்டேன். எந்த மனுசன்டி ரெண்டு வருசமா ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம மத்தியானத்துலயே குளிப்பான்னு கேட்டுச்சுடி."

7

வீட்டுக்கு வந்தேன். அம்மா முற்றத்துப் படியில் சேலை முந்தானையைக் கண்ணுக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் முந்தானையை எடுத்துவிட்டாள். ராக்காயி சின்னம்மா பக்கத்தில் இருந்தார்.

நேருக்கு நேர் கேட்டுவிடத்தான் வந்தேன். வாய் வரவில்லை. அவளுக்கும் வராது. எங்களுக்குள் அந்தப் பழக்கமே இல்லை. பூசை மந்திரத்துக்கு வெளியே ஒரு வார்த்தை பேசிப் பழகியிருந்தால்தானே?

"அம்மா, இன்னைக்கு ஒன் முறைய எனக்குக் குடு."

"எதுக்கு ஆத்தா?"

"பேசணும்."

அம்மா ராக்காயி சின்னம்மாவைப் பார்த்தாள். "கட்டிக்குடுத்த புள்ளைக்கு முறை இல்லம்பாங்களே" என்றாள்.

"அவிங்க முறையவா கேக்குது? ஒங்க முறையத்தானே கேக்குது" என்றார் சின்னம்மா. "அரைதான் இருக்கும் தாயி, பத்தாது. எம் பாதியையும் வச்சுக்க."

போனை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். ஊருக்கு நன்றி சொல்லத்தான் நினைத்திருந்தேன். பொத்தானை அமுக்கியதும் வேறு வந்தது. பேசியது அப்படியே நினைவில் இருக்கிறது.

"நான் பொன்னம்மா மக மலரு பேசுறேன். எல்லாரும் எங்கம்மா கண்ணப் பாத்துக்கிட்டீங்க. ஒங்கள மறக்க மாட்டேன். எங்க வீட்டுக்காரரு குளிக்கல. அவரு வேற வீட்டுல இருக்காரு. நான் தனியாத்தான் இருக்கேன். எம்மகன் ஒரு வாரம் வருவான், ஒரு வாரம் வர மாட்டான். வராத வாரம் நான் சமைக்கிறது இல்ல. ரொட்டியத் தின்னுட்டுப் படுத்துருவேன். அம்மா, சாப்புட்டியா சாப்புட்டியான்னு நீ கேக்குறப்ப நான் சாப்புட்டேன்னு சொன்னது முக்காவாசி பொய்யி. குளுருதான்னு சொன்னேன்ல, அது நெசம். ரொம்பக் குளுருது. ராக்காயி சின்னம்மா, மருந்துப் பாட்டில கொண்டாந்து குடுத்துருங்க. இனிமே நான் ஊத்துறேன்."

ஆறரைக்குத் திறந்தது. தெருவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் என் குரலே கொஞ்சம் முன்னும் பின்னுமாகக் கேட்டது. நான் மாடியைவிட்டு இறங்கவில்லை. கீழே அம்மாவும் சின்னம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் வந்து துக்கம் விசாரிக்கவில்லை, அந்த மட்டுக்கு நல்ல ஜனங்கள்.

நான் இறங்கி வந்தபோது மருந்துப் பாட்டில் படியில் இருந்தது. அம்மா அரிசிப் பானைக்குள் கையை விட்டுக் கறுப்புக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தாள். எடுத்து, முந்தானையில் துடைத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, என் மடியில் தலையை வைத்துப் படுத்தாள். இமையை விரலால் கீழே இழுத்து ஒரு சொட்டு விட்டேன். மூடிய கண்ணிலிருந்து வழிந்தது மருந்துதானா என்று நான் கேட்கவில்லை.

லீவு முடியும்வரை மருந்து ஊற்றினேன். அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை.

8

திரும்பி வந்த வாரம் கவினுக்கு அப்பா வாரம். அடுப்பு மேல் தூசி இருந்தது. போனில் டேங்க் நெட்டு என்ற பெயர் இன்னும் நிற்கிறது. தொட்டால், தொலைவில் இருக்கிறது என்கிறது. அது எனக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்துக்கு அழைத்தேன். படத்தோடு எடுத்தாள், கறுப்புக் கண்ணாடி போட்டபடி.

"சாப்புட்டியா?" என்றாள்.

சாப்பிட்டேன் என்று பழக்கத்தில் வாய் வரைக்கும் வந்தது. "இல்லம்மா" என்றேன்.

"எனக்குக் கண்ணு தேவல. முட்டிதான் நடக்க விட மாட்டேங்குது. படி எறங்குனா உசுரு போகுது" என்றாள். எந்த முட்டி, எப்போதிருந்து, காலையில் எப்படி, தைலம் தடவினால் எப்படி என்று விலாவாரியாகச் சொன்னாள். பதினைந்து வருடத்தில் என் அம்மா என்னிடம் சொன்ன முதல் வலி. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மாப்பிள்ளை குளிக்கிறாரா என்று கேட்கவில்லை.

பின்னால் எங்கேயோ, எதிர்வீட்டிலிருந்து இருக்கும், டேங்க் நெட்டு திறந்துவிட்ட சத்தம் கேட்டது. வைக்கப்போகிறாள் என்று நானே முந்திக்கொண்டேன்.

"தெறந்துருச்சு போல. வைக்கட்டுமாம்மா?"

"இரு ஆத்தா" என்றாள். "நீ அன்னைக்குப் பேசுனது நேத்து அழிஞ்சு போச்சாம். தனம் சொல்லுச்சு."

"ஆமா, எட்டு நாளுதானே."

"தெனமும் ஒருக்காப் போட்டுக் கேப்பேன். இப்ப இல்ல." கண்ணாடியைக் கழற்றி, இன்னும் சிவப்பு போகாத கண்ணைப் போனுக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். "இன்னொருக்காச் சொல்லு. எங்கிட்டச் சொல்லு."

"தனியாத்தான் இருக்கேன்மா" என்றேன்.

"ம்" என்றாள். "சொல்லு."